டபுள் கேப் பிக்கப்: பின்சீட்டுக்கு அடியில் மறைவாக சப்வூஃபர் பெட்டி

ஆழியாறு_பிக்கப்
சனி, இரவு 9.40

வணக்கம். வண்டி இசுசு வி-கிராஸ், டபுள் கேப் (இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்). ஊர் பொள்ளாச்சி. தோப்புக்குப் போவதற்கும் வால்பாறை ஏறி இறங்குவதற்கும் வீட்டில் இது ஒன்றுதான் வண்டி. பின்சீட்டில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் வருவார்கள்.

அப்பா தவில் வாசித்தவர். காலமாகி மூன்று வருடம் ஆகிறது. கோயில் திருவிழாக்களில் அவர் வாசித்ததை உறவுக்காரர் ஒருவர் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்திருந்தார். 11 மணி நேரம் வருகிறது. வண்டியில் போடும்போது வலந்தலை, அதாவது தவிலின் வலப்பக்கம், பளிச்சென்று கேட்கிறது, நாகஸ்வரமும் சரியாக இருக்கிறது. தொப்பி என்கிற இடப்பக்கத்தின் தாழ்ந்த ஒலி மட்டும் வரவே இல்லை. கும்மென்று எழ வேண்டிய இடத்தில் அட்டையைத் தட்டினாற்போல் ஒரு சத்தம். கதவு ஸ்பீக்கரை மாற்றிப் பார்த்தேன், கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

பிக்கப்புக்கு டிக்கி கிடையாது. பின்னால் இருக்கும் தொட்டியில் தேங்காய் ஏறும். ஆகவே இடம் என்றால் பின்சீட் மெத்தைக்கு அடியில்தான். இப்போது அங்கே ஜாக்கியும் டூல் பையும் வைத்திருக்கிறேன். சந்தையில் நிறுத்திவிட்டுப் போகிற வண்டி, அதனால் வெளியே எதுவும் கண்ணில் படக் கூடாது. சீட் உயரக் கூடாது, அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. தாழ்ந்த ஒலிக்கான 10 இன்ச் சப்வூஃபர் ஒன்றை அங்கே அடக்க முடியுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஜிபிரோடு_மெத்தை
சனி, இரவு 10.15

முடியும் தம்பி. சென்னையில் 22 வருடமாக சீட் வேலை பார்க்கிறேன், இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு வண்டி என் கை வழியாகப் போயிருக்கும். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மெத்தையில் இரண்டு இன்ச் ஃபோமை வெட்டினால் பெரிய பெட்டி வைக்கலாம்" என்று எந்தக் கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். கம்பெனி ஃபோம் அச்சில் ஊற்றி எடுத்தது. இடத்துக்கு இடம் கனம் வேறு, அழுத்தம் வேறு. அடியில் சீவினால் முதல் மாதம் தெரியாது, ஆறாவது மாதம் உட்காருகிறவரின் வால் எலும்பு பெட்டி மேல் நிற்கும். அப்படிக் கெட்டுப் போன சீட்டை மறுபடி கட்டித் தருவதே எனக்குப் பாதி பிழைப்பு.

சீட்டின் இரும்புச் சட்டத்திலும் கை வைக்க வேண்டாம். லாக் கொக்கி, கீல், பெல்ட் போல்ட் எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும்.

---

மூடியபெட்டி
ஞாயிறு, காலை 7.05

தவிலுக்காக என்றால் போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி வேண்டாம், காற்றுப் புகாத சீல்டு பெட்டிதான். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, இடம். 10 இன்ச்சுக்கு போர்ட் பெட்டி ஒழுங்காக வேலை செய்ய 35, 40 லிட்டராவது கேட்கும். சீட்டுக்கு அடியில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

இரண்டு, கேபின். மூடிய வண்டிக்குள் தாழ்ந்த ஒலிக்கு இயற்கையாகவே ஒரு தூக்கல் உண்டு. ஒலியின் அரை அலைநீளம் கேபினின் நீளத்தைத் தாண்டுகிற இடத்திலிருந்து அது தொடங்கும். டபுள் கேபின் உள்நீளம் ஏறக்குறைய 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது. 344-ஐ இரண்டால் வகுத்து, வந்ததை 2.4-ஆல் வகுத்தால் 72 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே போகப் போக கேபின் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) சுமார் 12 டெசிபல் வரை தூக்கிக் கொடுக்கும். கண்ணாடி இறக்கியிருந்தாலோ கதவுத் தகடு மெலிதாக இருந்தாலோ கொஞ்சம் குறையும். சீல்டு பெட்டி தன் அதிர்வெண்ணுக்குக் கீழே ஆக்டேவுக்கு அதே 12 டெசிபல் இறங்கும். இது இறங்க, அது தூக்க, கேட்கிறவருக்கு நேராக வந்து சேரும். சின்னக் கேபின் உள்ள வண்டியில் சின்ன சீல்டு பெட்டி ஏமாற்றாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அதோடு தொப்பியில் அடி விழுந்து அடங்குகிற வேகம் முக்கியம். போர்ட் பெட்டியில் அடி முடிந்த பிறகும் ஒரு வால் ஓடும். கல்யாண மண்டப டிஜே சத்தத்துக்கு அது பரவாயில்லை, தவிலுக்கு ஆகாது.

எந்த டிரைவர் (பெட்டியில் பொருத்தும் ஸ்பீக்கர்) வாங்கப் போகிறீர்கள்? அதன் தாளில் உள்ள எஃப்.எஸ். (இயல்பு அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்கிற எண்), வி.ஏ.எஸ். (கூம்பின் இறுக்கத்துக்குச் சமமான காற்றின் கொள்ளளவு) மூன்றையும் போடுங்கள்.

---

ஆழியாறு_பிக்கப்
ஞாயிறு, மதியம் 1.20

அண்ணா, நன்றி. பார்த்து வைத்திருப்பது ஒரு ஷாலோ மவுண்ட் (ஆழம் குறைந்த) 10 இன்ச். 4 ஓம், 300 வாட் ஆர்.எம்.எஸ்., பொருத்தும் ஆழம் 80 மி.மீ. எஃப்.எஸ். 32 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.48, வி.ஏ.எஸ். 20 லிட்டர், எக்ஸ்மேக்ஸ் (கூம்பு ஒரு பக்கம் ஓடக்கூடிய தூரம்) 8 மி.மீ.

மெத்தையைத் தூக்கி டேப் வைத்து அளந்தேன். முன்பக்கம் உயரம் கூட, பின்னால் போகப் போகக் குறைகிறது, ஆப்பு வடிவம். உள்ளளவு 720 மி.மீ. நீளம், 270 மி.மீ. ஆழம், முன்னால் 115, பின்னால் 75 மி.மீ. உயரம் என்று ஒரு பெட்டி வரைந்திருக்கிறேன். கணக்குப் போட்டால் 18.5 லிட்டர் வருகிறது. கூம்பு தரையைப் பார்த்து இருக்கும்.

---

மூடியபெட்டி
ஞாயிறு, மதியம் 2.10

18.5-இல் டிரைவரின் உடம்புக்கு ஒரு லிட்டர் கழியுங்கள். 17.5. வி.ஏ.எஸ்.-ஐ இதனால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 1.46. இதை க்யூ.டி.எஸ்.-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் வரும் க்யூ 0.70, எஃப்.எஸ்.-ஆல் பெருக்கினால் பெட்டிக்குள் வரும் அதிர்வெண் 47 ஹெர்ட்ஸ். சீரான ஒலிக்குப் பாடப்புத்தகத்தில் வருகிற 0.707-க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அருமையான தொடக்கம்.

---

தச்சுக்கூடம்
ஞாயிறு, மாலை 6.30

மரம் பற்றி நான் சொல்கிறேன். எம்.டி.எஃப். வேண்டாம். கடையில் எல்லோரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அறுக்க லேசு, விலை குறைவு. வீட்டு ஸ்பீக்கருக்கு எம்.டி.எஃப். நல்ல பொருள்தான், நானே போடுகிறேன். ஆனால் நீங்கள் வால்பாறை போகிறவர். ஈரச் செருப்போடு ஏறுவார்கள், மிதியடிக்கு அடியில் தண்ணீர் தங்கும். எம்.டி.எஃப். ஒரு மழைக்காலம் உறிஞ்சினால் ஓரம் ரொட்டி மாதிரி ஊதிவிடும், திருகு பிடிக்காது.

மரைன் பிளை எடுங்கள். பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303 என்றிருந்தால் அது சாதாரண ரகம். டிரைவர் உட்காருகிற அடிப்பலகைக்கு 18 மி.மீ., மற்றதற்கு 12 மி.மீ. போதும். மேல்பலகை நீளம் கூட, அதனால் உள்ளே நடுவில் ஒரு கட்டை குறுக்கே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பலகையே டிரம் தோல் மாதிரி அடிக்கும். மூட்டு எல்லாவற்றுக்கும் தண்ணீர் தாங்கும் பசை, 10 செ.மீ.க்கு ஒரு திருகு. அறுத்த ஓரங்களில் இரண்டு கோட் வார்னிஷ் குடிக்க விடுங்கள். பிளை தண்ணீர் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான்.

உள்ளே போடும் பஞ்சு பாலியஸ்டர் பஞ்சாக இருக்கட்டும். உங்கள் பக்கம் இலவம் பஞ்சு தாராளமாகக் கிடைக்கும், அதைப் போட்டுவிடாதீர்கள். கட்டி தட்டிப் போகும், துகள் காயிலுக்குள் போய் உரசும்.

---

மஸ்கட்_ஹைலக்ஸ்
ஞாயிறு, இரவு 8.00

நான் ஹைலக்ஸில் இதையே ஃபைபரில் செய்தேன். தரை மேடுபள்ளமாக இருப்பதால், தரையையே அச்சாக வைத்து ஃபைபர் அடித்தால் ஒரு மூலையைக்கூட வீணாக்காமல் 3, 4 லிட்டர் கூடுதலாகக் கிடைக்கும். 450 கிராம் மேட் ஐந்து அடுக்கு. சவுண்ட் பிரமாதம்.

---

தச்சுக்கூடம்
ஞாயிறு, இரவு 8.25

ஃபைபர் நல்ல வழிதான், மறுக்கவில்லை. முதல் தடவை செய்கிறவர் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர்க் கடைகளில் பாலியஸ்டர் ரெசின் ஒரு டப்பா, ஊதா நிறத்தில் கோபால்ட் ஒரு பாட்டில், தண்ணீர் மாதிரி ஹார்டனர் ஒரு பாட்டில் என்று மூன்றாகத் தருவார்கள். கோபால்ட்டும் ஹார்டனரும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் ரெசினில் கோபால்ட்டை ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனர். இரண்டுக்கும் ஒரே மூடியை அளவாக வைக்கக் கூடாது. என் பட்டறையில் ஒரு பையன் அப்படித்தான் செய்தான். மூடி கையிலேயே புகைந்தது. தூக்கி எறிந்ததால் தப்பினான், இன்னும் அந்த உள்ளங்கையில் தழும்பு இருக்கிறது.

வண்டிக்குள் உட்கார்ந்து அடித்தால் ரெசின் வாடை தலையைச் சுற்றும். எல்லாக் கதவும் திறந்து, முகமூடி போட்டுத்தான் செய்ய வேண்டும். வாடை கார்ப்பெட்டிலிருந்து போக வாரக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் ஏறுகிற வண்டி. எனக்குக் கேட்டால் பிளை.

---

மஸ்கட்_ஹைலக்ஸ்
ஞாயிறு, இரவு 8.40

ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. எங்களுக்கு இங்கே கோபால்ட் கலந்தே வருகிறது, அதனால் அந்த ஆபத்து எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

---

பின்சீட்டுப்_பயணி
திங்கள், காலை 10.50

நான் வண்டி ஓட்டுவதில்லை. என் கணவருக்கு இந்த ஆசை வந்து, ஒரு கடையில் கொடுத்துச் செய்த வண்டியில் நான்கு வருடமாகப் பின்னால் உட்கார்ந்து வருகிறேன். அந்த இடத்திலிருந்து இரண்டு வார்த்தை.

எங்கள் வண்டியில் பெட்டி மெத்தையின் அடிப்பாகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. பாட்டு போட்டால் முதுகுத்தண்டு வழியாக ஏறும். காதில் கேட்பதைவிட உடம்பில் அடிப்பதுதான் அதிகம். கர்ப்பமாக இருந்தபோது முன்சீட்டுக்கு மாறிவிட்டேன். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது, அவருக்கு அது இனிமையாகத்தான் கேட்கும். உங்கள் அம்மா வயதானவர், முழங்கால் வலி வேறு. அவர்கள் உட்காருகிறபோது மெத்தை எவ்வளவு அமுங்குகிறது, பெட்டியைத் தொடுகிறதா என்று தயவுசெய்து பாருங்கள். வெறும் சீட்டை அளந்தால் அது தெரியாது.

---

ஜிபிரோடு_மெத்தை
திங்கள், காலை 11.30

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து எலுமிச்சை அளவில் ஆறு உருண்டை. பெட்டி வரப்போகும் இடத்தில் அதே உயரத்துக்கு அட்டைப் பெட்டியோ செங்கலோ அடுக்கி, நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டையை பாலித்தீன் சுற்றி வையுங்கள். மெத்தையை இறக்குங்கள். வீட்டில் கனமான ஆள் யாரோ அவரை உட்கார வைத்து, லேசாகக் குதித்து எழச் சொல்லுங்கள். பிறகு தூக்கிப் பார்த்தால் நசுங்கிய உருண்டையில் எவ்வளவு கனம் நிற்கிறதோ அதுதான் உங்களுக்கு மிச்சமான இடைவெளி. ஒரு விரல் கனத்துக்குக் குறைந்தால் பெட்டியை இறக்கியே ஆக வேண்டும்.

---

கருப்புக்கோட்டு
திங்கள், மதியம் 3.15

சட்டப் பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகச் சொன்னது. சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே பெட்டி வைப்பது, ஐந்து பேர் வண்டியை நான்கு பேர் வண்டியாக்குவது எல்லாம் இதில் மாட்டும். மெத்தைக்கு அடியில் இருக்கும் வெற்றிடத்தில் ஒரு பெட்டி வைத்து, சீட்டும் பெல்ட்டும் அப்படியே வேலை செய்தால் ஆர்.சி.யில் எதுவும் மாறவில்லை.

எனக்குக் கவலை மின்சார வேலைதான். தீ விபத்து க்ளெய்மில் சர்வேயர் முதலில் தேடுவது வெளியே போட்ட வயரிங்கை. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியப்படுத்துங்கள்.

---

மூடியபெட்டி
திங்கள், இரவு 9.00

வயரிங் பேச்சு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 250 வாட் கிளாஸ்-டி ஆம்ப், திறன் 78 சதவீதம் என்று வைத்தால், 13.8 வோல்ட்டில் முழு வேகத்தில் 23 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்சீட் வரை 5 மீட்டர் வயர் ஓடுகிறது. 10 சதுர மி.மீ. சுத்தச் செம்பு என்றால் வழியில் 0.2 வோல்ட்தான் இழப்பு. ஆம்ப் கிட் என்று பெட்டியில் வைத்து விற்பதில் பாதிக்கு மேல் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே கனத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் இழப்பு, சூடும் கூட. நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். 30 ஆம்பியர். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரை. ஆம்புக்குள் ஒரு ஃப்யூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிட்டால், நடுவில் எங்காவது வயர் உரசி பாடியில் பட்டதும் அந்த 5 மீட்டரும் ஹீட்டர் கம்பிதான். எஞ்சின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் நுழைகிற துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். எர்த்துக்கு பெயிண்டைச் சுரண்டி வெள்ளை இரும்பு தெரிய வைத்து, தனி போல்ட். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்கவே கூடாது. பவர் வயர் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. (ஒலி சிக்னல் வயர்) மறுபக்கம்.

---

ஆழியாறு_பிக்கப்
வியாழன், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. மாவு உருண்டைச் சோதனை செய்தேன்.

அம்மா உட்கார்ந்தபோது பிரச்சினை இல்லை, எல்லா உருண்டையும் ஒரு விரலுக்கு மேல் நின்றது. அடுத்து மாமாவை உட்கார வைத்தேன், 94 கிலோ. மெத்தையைத் தூக்கினால் இடது முன்மூலை உருண்டை அப்பளம் மாதிரி கிடக்கிறது. ஸ்கேல் வைத்தேன், 3 மி.மீ. நடுவில் 8. மெத்தைக்கு அடியில் ஓடும் கம்பி ஒன்று அந்த உருண்டையில் பள்ளமாகப் பதிந்திருந்தது. அது டேப்பில் எனக்குத் தெரியவே இல்லை.

அதனால் பெட்டி உயரத்தில் 15 மி.மீ. குறைக்கிறேன். உள்ளே முன்னால் 100, பின்னால் 60. மொத்தம் 15.5 லிட்டர், டிரைவர் போக 14.5. மூன்று லிட்டர் போய்விட்டதே என்று கஷ்டமாக இருக்கிறது. கெட்டுப் போய்விடுமா?

இன்னொரு கேள்வி. கூம்பு கீழே பார்த்துத் தொங்கினால் நாளாவட்டத்தில் இறங்கிவிடும் என்று இங்கே ஒரு கடையில் சொன்னார்கள். உண்மையா?

---

மூடியபெட்டி
வெள்ளி, காலை 6.50

கெடாது. 14.5 லிட்டருக்கு அதே கணக்கைப் போடுங்கள்: 0.70 இருந்தது 0.74 ஆகும், 47 ஹெர்ட்ஸ் இருந்தது 49 ஆகும். காதால் இந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியே 41 ஹெர்ட்ஸ்தான், கேபின் தூக்கலோடு அதுவரை சுகமாக இறங்கும். மூன்று லிட்டரைப் பின்னால் உட்காருகிறவருக்குக் கொடுத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பாலியஸ்டர் பஞ்சை லேசாகப் பிரித்துப் போட்டால் அதிலும் கொஞ்சம் திரும்பி வரும்.

கூம்பு இறங்குவது பற்றி. அதற்குக் கணக்கு இருக்கிறது. புவியீர்ப்பு 9.81. எஃப்.எஸ்.-ஐ 6.28-ஆல் பெருக்கி, வந்ததை வர்க்கப்படுத்தி, அதனால் 9.81-ஐ வகுக்க வேண்டும். 32 ஹெர்ட்ஸுக்கு 0.24 மி.மீ. உங்கள் எக்ஸ்மேக்ஸ் 8 மி.மீ., அதில் 5 சதவீதம் 0.4. அதற்குள்ளேயே இருக்கிறது, பயப்பட வேண்டாம். எஃப்.எஸ். 20-க்குப் பக்கத்தில் இருக்கும் தளர்வான பெரிய டிரைவர் என்றால் அந்தக் கடைக்காரர் சொல்வதில் நியாயம் உண்டு.

தரைக்கும் கூம்புக்கும் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள்?

---

ஆழியாறு_பிக்கப்
வெள்ளி, காலை 8.15

40 மி.மீ. என்று நினைத்தேன்.

---

மூடியபெட்டி
வெள்ளி, காலை 8.30

50 ஆக்குங்கள். 10 இன்ச் கூம்பின் உண்மையான விட்டம் 21 செ.மீ. இருக்கும். அதில் கால் பங்கு இடைவெளி இருந்தால்தான் கூம்பின் பரப்பும் சுற்றிலும் காற்று வெளியேறும் பரப்பும் சமம். அது 52 மி.மீ. அதற்குக் கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் ஆகாது, ரொம்ப நெருங்கினால் காற்று உஸ்ஸென்று இரைச்சல் போடும். அந்த 10 மி.மீ.-க்காகப் பெட்டியை மறுபடி இளைக்க வேண்டியதில்லை, தரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஃபெல்ட் தடிமனாக இருந்தால் கூம்புக்கு நேராக மட்டும் வெட்டி எடுத்தாலே வரும்.

---

மஸ்கட்_ஹைலக்ஸ்
வெள்ளி, பகல் 12.40

இவ்வளவு வேலை எதற்கு? ரெடிமேடாக அலுமினியப் பெட்டியில் 8 இன்ச், ஆம்ப் உள்ளேயே இருப்பது வருகிறதே. முன்சீட்டுக்கு அடியிலேயே தள்ளிவிடலாம். ஒரு மணி நேர வேலை.

---

மூடியபெட்டி
வெள்ளி, பகல் 1.05

நல்ல பொருள்தான், நகரத்தில் ஓடும் சின்னக் கார்களுக்கு நானே சிபாரிசு செய்வேன். ஆனால் 8 இன்ச் கூம்பின் பரப்பு 10 இன்ச்சில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை, கூம்பு ஓடும் தூரமும் அதில் குறைவு. 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தள்ளுகிற காற்று போதாது. தொப்பி வேண்டும் என்பவருக்கு அது பாதி வழியில் நின்றுவிடும்.

---

தச்சுக்கூடம்
வெள்ளி, மாலை 7.10

பெட்டியை எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள் தம்பி? டிரைவரோடு 11 கிலோவாவது வரும். வெல்க்ரோ போதும் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வண்டி நேராக மோதினால் வேகம் குறைகிற விசை 20 ஜி வரை போகும். 11 கிலோ பெட்டி 220 கிலோவாக முன்னால் வரும். அதற்கு முன்னால் இருப்பது பிள்ளைகளின் கணுக்கால்.

எட்டு மி.மீ. போல்ட் நான்கு, தரைத் தகட்டின் இரண்டு பக்கமும் 50 மி.மீ. வட்ட வாஷர். துளை போடுவதற்கு முன் வண்டிக்குக் கீழே படுத்து, விளக்கு அடித்து, டீசல் குழாய், பிரேக் குழாய், வயர் எங்கே ஓடுகிறது என்று சாக்பீஸால் மேலே குறித்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் கார்க்காரர்கள் ஒன்று கவனிக்க வேண்டும்: சின்னக் கார்களில் பெரும்பாலும் பின்சீட்டுக்கு நேர் கீழே இருப்பது பெட்ரோல் டேங்க். அங்கே துளை என்ற பேச்சே கூடாது. துளை ஓரத்தில் துரு தடுக்கும் பெயிண்ட், மேலே பாடி சீலன்ட்.

---

ஆழியாறு_பிக்கப்
அடுத்த ஞாயிறு, இரவு 11.00

பெட்டி முடிந்தது. கோவை உக்கடம் போய் பிளை கடையில் முத்திரை பார்த்து வாங்கினேன். அறுப்பதை மட்டும் ஆசாரியிடம் கொடுத்தேன், மற்றதெல்லாம் நானும் மூத்த பையனும். அவன்தான் திருகுக்கு 10 செ.மீ. குறித்தான்.

காற்று கசிகிறதா என்று பார்க்க, 30 ஹெர்ட்ஸ் டோனை மெதுவாக ஓட விட்டு, மூட்டு மூட்டாக ஊதுபத்தி காட்டினேன். எல்லா மூலையிலும் புகை நேராகப் போனது. வயர் வெளியே வரும் துளையில் மட்டும் புகை உள்ளே இழுத்து வெளியே துப்பியது, மூச்சு விடுவது மாதிரி. பிறகு சிலிக்கான் வைத்து அடைத்தேன். இப்போது கூம்பை விரல்களால் மெதுவாக அமுக்கினால் உடனே எகிறாமல் சோம்பலாகத் திரும்பி வருகிறது.

ஆம்ப் பின்சீட் முதுகுக்குப் பின்னால், கேபின் சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் மேலே. தண்ணீர் எட்டாது. ஆம்பின் கெயினை (எவ்வளவு தூக்க வேண்டும் என்கிற திருகு) மீட்டர் வைத்துத்தான் வைத்தேன். சப்வூஃபர் வயரைக் கழற்றிவிட்டு, 50 ஹெர்ட்ஸ் டோன், வோல்ட்டேஜ் 31.6 வந்ததும் நிறுத்தினேன். 4 ஓமில் 250 வாட்டுக்கு அதுதான் கணக்கு. கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள ஒலி மட்டும் சப்வூஃபருக்குப் போகும். ஜாக்கியையும் டூல் பையையும் பெட்டிக்குப் பக்கத்திலேயே வலது ஓரத்தில் ஃபெல்ட் சுற்றிக் கட்டிவிட்டேன். மெத்தையை இறக்கினால் ஒன்றுமே தெரியவில்லை.

கேட்டுப் பார்த்ததில் ஒரு குறை. ஓட்டுகிற இடத்தில் பேஸ் மெலிந்திருக்கிறது, பின்னால் போய் உட்கார்ந்தால் நிறைய இருக்கிறது. என்ன செய்ய?

---

மூடியபெட்டி
திங்கள், காலை 6.40

ஆம்பில் ஃபேஸ் சுவிட்ச் 0, 180 என்று இருக்கும். நீங்கள் டிரைவர் சீட்டில் உட்காருங்கள், பையனை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். எதில் 80 ஹெர்ட்ஸ் பக்கம் நிறைவாகக் கேட்கிறதோ அங்கே விட்டுவிடுங்கள். கதவு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் எதிரெதிராகத் தள்ளினால் முன்னால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

---

பின்சீட்டுப்_பயணி
திங்கள், காலை 9.20

அம்மா உட்கார்ந்து பார்த்தார்களா? உடம்பில் அதிர்வு ஏறுகிறதா என்று அவர்களிடம் கேட்டீர்களா?

---

ஆழியாறு_பிக்கப்
செவ்வாய், இரவு 9.15

180-க்கு மாற்றினேன் அண்ணா, முன்னால் நிறைந்துவிட்டது.

அக்கா, நேற்றே அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆழியாறு வரை போய் வந்தேன். சீட்டில் அதிர்வு எதுவும் தெரியவில்லை என்றார்கள். கால் வைக்கிற இடத்தில் லேசாக, செருப்பைக் கழற்றினால் மட்டும் தெரிகிறதாம். அதுவே பிடித்திருக்கிறது என்றார்கள். போகும்போது வாயே திறக்கவில்லை. அணைக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது, "இது பழைய தவில், தொப்பிப் பக்கம் தோல் மாற்றுவதற்கு முன்னால் வாசித்தது" என்றார்கள். பதிவின் தேதியைப் பார்த்தேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

வரும் வழியில் ஒரு கடகட சத்தம், தொப்பி விழும்போதெல்லாம் கூடவே வந்தது. பெட்டியில் இருக்குமோ என்று மெத்தையைத் தூக்கித் தேடினேன். பின் நம்பர் பிளேட். அதற்குப் பின்னால் ஒட்ட எந்த ஃபெல்ட் நல்லது? மழைக்கு நிற்க வேண்டும்.

---

ஜிபிரோடு_மெத்தை
செவ்வாய், இரவு 9.50

ஃபெல்ட் தண்ணீர் குடிக்கும் தம்பி. கதவு ஓரத்துக்குப் போடும் ரப்பர் பீடிங் ஒரு அடி வாங்கி நாலு துண்டாக வெட்டி, போல்ட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டுங்கள்.